பக்கத்து சீட்டில் ஆள் இருந்தால்

கொல்கத்தா நெடுஞ்சாலையை விட்டு கும்மிடிப்பூண்டி சிப்காட்டுக்குள் திரும்புகிற இடத்தில், பூட்டிக் கிடக்கும் எடைமேடையை ஒட்டி வசந்தகுமாரின் தகரக் கொட்டகை இருக்கிறது. கார்களுக்கு ஆடியோ மாட்டுவதும் பழுது பார்ப்பதும் தொழில். முதலாளியும் அவன்தான், கூட்டிப் பெருக்குகிறவனும் அவன்தான். வயது இருபத்தேழு.

சொந்த ஊர் பள்ளிப்பட்டுப் பக்கம். வீட்டில் காலேஜ் வாசலை மிதித்த முதல் ஆள். எலக்ட்ரானிக்ஸ் படித்து, சிப்காட்டில் ஒரு கம்பெனியில் இரண்டு வருடம் கான்ட்ராக்டில் இருந்தான். கான்ட்ராக்ட் முடிந்ததும் ஊருக்குப் போக மனம் வராமல், சென்னையில் ஒரு கார் ஆடியோ கடையில் வேலை கற்றுக்கொண்டு இங்கேயே திரும்பி வந்து கொட்டகை போட்டான். மகன் இன்னும் கம்பெனியில்தான் இருக்கிறான் என்று அப்பா ஊரில் சொல்லிக்கொண்டிருந்தார். அவன் திருத்தவில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் வரும். "வேலை போகுதா நைனா?" என்பார். "போகுதுப்பா" என்பான். அதற்கு மேல் எதைக் கேட்பது என்று அவருக்கும் தெரியாது, எதைச் சொல்வது என்று இவனுக்கும் தெரியாது.

துளசிராமனின் வண்டி மூன்றாவது முறையாகத் திரும்பி வந்தது ஒரு வியாழக்கிழமை காலையில். துளசிராமனுக்கு ஐம்பது வயது இருக்கும். கம்பெனி ஆட்களை ஏற்றி இறக்கும் ஸ்டாண்டில் மூத்த டிரைவர். ஸ்டாண்டில் பன்னிரண்டு வண்டி. அவர் எங்கே போகிறாரோ அங்கேதான் மற்றவர்களும் போவார்கள். இரண்டு மாதத்துக்கு முன்பு வசந்தகுமார் மாட்டிக் கொடுத்த, ஸ்பீக்கருக்குச் சத்தம் கூட்டும் ஆம்ப், பாதிப் பாட்டில் சிவப்பு விளக்கைக் காட்டிவிட்டு வாயை மூடிக்கொள்கிறது. சிறுவாபுரி கோயிலுக்குப் போன ஞாயிற்றுக்கிழமை மட்டும் நான்கு முறை.

"எங்க ஊட்டுக்காரி ஏறி குந்தினாலே பாட்டு நின்னுடுது தம்பி. அவ ராசி அப்பிடின்னேன். ரெண்டு நாளா மூஞ்ச தூக்கி வச்சிக்கினு கீறா" என்று சிரித்தார். சிரித்து முடித்துவிட்டுச் சாவியை நீட்டினார். "படிச்ச புள்ளன்னுதான் உன்னாண்ட வுட்டேன். இந்த வாட்டியும் நின்னுச்சுன்னா செங்குன்றம் கடைக்கு எடுத்துக்கினு போய்டுவேன். பசங்களும் அங்கதான் வருவானுங்க. அப்பால என்ன கேக்காத."

வசந்தகுமார் சாவியை வாங்கிக்கொண்டான். அந்தப் பன்னிரண்டு வண்டியும் போய்விட்டால் இந்தக் கொட்டகையில் அவனுக்கு வேலை இல்லை.

அவன் சுவரில் ஒரு தாள் ஒட்டியிருந்தான். ஆம்ப் நின்றால் பார்க்க வேண்டிய ஏழு விஷயங்கள் அதில் வரிசையாக இருந்தன. பேட்டரியில் வோல்டேஜ் சரியாக இருந்தது. பியூஸ் நன்றாக இருந்தது. எர்த் ஒயர் பிடித்திருந்த இடத்தில் பெயின்டை இன்னொரு முறை சுரண்டி, போல்ட்டை இறுக்கினான். ஆம்ப் சூடாகவில்லை. கடையில் இருந்த வேறு ஆம்பை மாட்டியும் பார்த்தான். எளாவூர் செக்போஸ்ட் வரை ஓட்டிக்கொண்டு போய், லாரி வரிசையைப் பார்த்ததும் திரும்பி வந்தான். போக வர ஒரு இடத்திலும் பாட்டு நிற்கவில்லை. அவன் ஓட்டினால் அது நிற்பதே இல்லை. முதல் இரண்டு முறையும் இதேதான். ஒரு குறையும் தெரியாத வண்டியைச் சரிசெய்துவிட்டதாகச் சொல்லித் திருப்பிக் கொடுத்திருந்தான். அது பொய்யா என்று இப்போது யோசித்தான். இல்லை என்று உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தபோது, சென்னைக் கடை நினைவுக்கு வந்தது. அங்கே ஐந்து பேர். வேலை முடிந்த வண்டியை டெஸ்ட் ஓட்டம் எடுத்தால் எல்லோரும் ஏறிக்கொள்வார்கள், ஓசியில் ஒரு சுற்று. ஒரு சீட்டும் காலியாக இருக்காது. இங்கே இரண்டு வருடமாக அவன் தனியாகத்தான் ஏறுகிறான், தனியாகத்தான் இறங்குகிறான்.

இடது பக்க சீட்டைப் பார்த்தான். ஆம்ப் அந்த சீட்டுக்கு அடியில்தான் இருந்தது. துளசிராமனின் மனைவி உட்காருவதும் அதில்தான்.

ராசி என்று அவர் சொன்னதைக் கேட்டுத் தானும் சேர்ந்து சிரித்தது ஞாபகம் வந்தது.

யாராவது ஒரு ஆள் அந்த சீட்டில் உட்கார வேண்டும், அவ்வளவுதான். சாலையைத் தாண்டி டீக்கடைக்குப் போனான். லாரிக்காரர்கள் நான்கைந்து பேர் நின்றிருந்தார்கள். 'ஐந்து நிமிடம் என் பக்கத்தில் வந்து உட்காருங்கள்' என்று ஒருவரிடம் எப்படிக் கேட்பது என்று அவனுக்குத் தெரியவில்லை. மனதுக்குள் வாக்கியத்தை இரண்டு மூன்று விதமாக மாற்றிப் பார்த்தான். எல்லாமே கிறுக்குத்தனமாக இருந்தன. டீயைக் குடித்துவிட்டுத் திரும்பி வந்தான்.

கொட்டகை மூலையில் பழைய லாரி பேட்டரிகள் இரண்டு கிடந்தன. சீட்டில் சாக்கை விரித்து, ஒன்றின் மேல் ஒன்றாகத் தூக்கி வைத்தான். சாவியைத் திருப்பியதும் டாஷ்போர்டில் விளக்கு மினுக்கி, வண்டி கூவத் தொடங்கியது. பெல்ட் போடச் சொல்லி. பக்கத்தில் ஆள் இருப்பதாக அது நம்பிவிட்டது. பேட்டரிகளைச் சுற்றி பெல்ட்டை இழுத்து மாட்டினான். கூவல் அடங்கியது. பாட்டைப் போட்டு, சர்வீஸ் ரோட்டில் முதல் வேகத்தடையைத் தாண்டினான்.

பாட்டு நின்றது.

இவ்வளவு சந்தோஷமாக இருந்து எத்தனையோ மாதம் ஆகியிருந்தது. சொல்லலாம் என்று இடது பக்கம் திரும்பினான். பேட்டரிகள் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தன.

சீட்டைக் கழற்றிப் பார்த்தபோது விஷயம் ஒரு நகக்கண் அளவுதான். ஸ்பீக்கர் ஒயர் சீட்டின் ஸ்பிரிங்குக்கு நேர் கீழே ஓடியது. யாராவது உட்கார்ந்தால் ஸ்பிரிங் இறங்கி ஒயரை அழுத்தும். அழுத்தி அழுத்தித் தோல் உரிந்து, உள்ளே இருந்த செம்பு சீட்டின் இரும்பைத் தொட்டது; தொட்டதும் ஆம்ப் தன்னைக் காத்துக்கொள்ள நின்றுவிடும். ஒயரை அந்த வழியாகக் கொண்டு போனவன் அவனேதான். புது ஒயரைக் கார்ப்பெட்டுக்கு அடியில் ஓரமாக இழுத்து, பிளாஸ்டிக் குழாய்க்குள் விட்டுக் கட்டினான்.

மாலையில் துளசிராமன் வந்தபோது, ஆம்ப் கம்பெனிக்காரன்மேல் பழியைப் போட்டுவிடலாம் என்று ஒரு கணம் தோன்றியது. அவருக்குத் தெரியப்போவதில்லை. உரிந்த ஒயரை எடுத்து அவர் கையில் கொடுத்தான்.

"என் தப்புதாண்ணா. நான் ஒயர் போட்ட எடம் தப்பு. உங்க ஊட்ல அக்கா குந்தினா அழுத்துது."

அவர் ஒயரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு அவனை ஓட்டச் சொல்லிவிட்டு, தானே இடது சீட்டில் ஏறினார். எளாவூர் வரை வேண்டுமென்றே ஒவ்வொரு பள்ளத்திலும் விடச் சொன்னார், சீட்டில் எம்பி எம்பிக் குதித்தார். பாட்டு நிற்கவில்லை. திரும்பி வரும்போது போனை எடுத்து மனைவியைக் கூப்பிட்டார்.

"செல்வி, உன் ராசி இல்லையாம். ஒயராம்."

போன் ஸ்பீக்கரில் செல்வியின் குரல் வந்தது. "அந்தத் தம்பிய ஒரு பேப்பர்ல எழுதிக் குடுக்கச் சொல்லு. கையெழுத்தோட."

துளசிராமன் விழுந்து விழுந்து சிரித்தார். வசந்தகுமாரும் சிரித்தான். அவன் உண்மையாகவே எழுதிக் கொடுத்தான். அவர் அதை மடித்து ஆர்சி புத்தகத்தோடு வைத்துக்கொண்டார்.

"நம்ம ஸ்டாண்டு குணா வண்டி திங்கக்கெழம வரும். அவனுக்கும் ஆம்ப் மாட்டணுமாம்" என்றார். வண்டியை எடுத்தவர், கண்ணாடியை இறக்கினார். "அவன் வண்டியிலயாச்சும் மாட்டி முடிச்ச ஒடனே பக்கத்துல ஒரு ஆள குந்த வச்சி பாரு."

பார்க்கிறேன் என்றான்.

வண்டி போன பிறகு பேட்டரிகளை மூலைக்கு நகர்த்தினான். சுவரில் இருந்த தாளில் எட்டாவதாக எழுதினான்: பக்கத்து சீட்டில் ஆளை உட்கார வைத்து ஓட்டிப் பார்க்க வேண்டும். பேனாவை மூடப் போனவன் போனை எடுத்துப் பெயர்களைத் தள்ளிக்கொண்டே போனான். காலேஜ் நண்பர்கள் ஸ்ரீபெரும்புதூரில், ஓசூரில், ஒருவன் துபாயில். கம்பெனியில் கூட வேலை பார்த்தவர்கள் இருந்தார்கள், பெயர்தான் இருந்தது. கடைசிப் பெயர் வரை போய்விட்டுப் போனை வைத்தான்.

எட்டாவது வரிக்குக் கீழே, சின்ன எழுத்தில் சேர்த்தான்: ஆள் கிடைக்காவிட்டால், இரண்டு லாரி பேட்டரி.