நேர்ச்சையும் ரொட்டி வண்டியும்

1999 செப்டம்பர் முதல் வாரம். டெக்சாஸில் பிளானோ என்ற ஊரில் மகன் வீட்டில் இருந்த நானும் என் மனைவியும் பிரான்சுக்குப் போய், டோர்டோன் ஆற்றங்கரையோரமாக நான்கு நாள் நடந்தோம். 'நடந்தோம்' என்று சொன்னால் கேட்பவர்கள் ஏதோ மார்னிங் வாக் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அறுபத்தைந்து கிலோமீட்டர். எனக்கு அப்போது வயது அறுபத்திரண்டு. பைபாஸ் ஆபரேஷன் முடிந்து எட்டு மாதம்.

இந்தக் கூத்துக்குக் காரணம் அந்த ஆபரேஷன்தான். ஜனவரியில் பிளானோ ஆஸ்பத்திரியில் என்னை உள்ளே தள்ளிக்கொண்டு போனபோது எல்லாம் முறைப்படி நடந்தது. இன்சூரன்ஸ் அனுமதி வந்திருந்தது. பதினோரு இடத்தில் கையெழுத்துப் போட்டிருந்தேன். தாசில்தாராக ஓய்வுபெற்றவன், படித்துப் பார்க்காமல் ஒன்றிலும் போடவில்லை. ஆனால் என் மனைவி ஆஸ்பத்திரி கார் பார்க்கிங்கில் நின்றுகொண்டு, யாரிடமும் கேட்காமல் ஒரு நேர்ச்சை நேர்ந்துவிட்டாள். நான் பிழைத்து வந்தால் ஒரு வருடத்துக்குள் வேளாங்கண்ணி மாதாவுக்கு நடந்தே போய்க் கும்பிடுவதாக. வழியில் எந்த வண்டியிலும் ஏறுவதில்லை என்று ஒரு துணை நிபந்தனை வேறு. நாங்கள் தூத்துக்குடிப் பக்கம். அங்கே வருடாவருடம் ஜனங்கள் அப்படி நடந்து போவதைப் பார்த்து வளர்ந்தவள்.

பிளானோவில் அவள் அதிகபட்சம் நடந்தது வீட்டிலிருந்து தபால் பெட்டி வரைக்கும். அந்த ஊரில் நடப்பதற்கே காரில் ஏறி ஜிம்முக்குப் போகிறார்கள்.

வருடம் ஓடிக்கொண்டிருந்தது. டாக்டர் என்னை இந்தியாவுக்கு விடவில்லை. அவ்வளவு நீண்ட விமானப் பயணம் கூடாதாம், நடப்பது மட்டும் நல்லதாம். என்னை விட்டுவிட்டுப் போக அவளுக்கு மனமில்லை. அந்த நேரம் பார்த்து மகனை அவன் கம்பெனி இரண்டு வார வேலையாகப் பிரான்சுக்கு அனுப்ப முடிவு செய்தது. அவனோடு வேலை பார்க்கும் பிரெஞ்சுக்காரர் ஒருவர் இந்த நடைப்பயணத்தைப் பற்றிச் சொல்லியிருக்கிறார். அமைதியான ஆறு, பழைய கோயில்கள், கோட்டைகள். பெட்டிகளை வேனில் அடுத்த விடுதிக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவார்கள். நாம் கையை வீசிக்கொண்டு நடந்தால் போதும். கடைசி நாள் போய்ச்சேரும் ஊரில் பாறைமேல் ஒரு மாதா கோயில், செப்டம்பர் எட்டாம் தேதி திருவிழா. வேளாங்கண்ணிக்கும் அதே தேதிதான். மகன் இதைச் சாப்பாட்டு மேஜையில் சொன்னான். அவன் மோர் ஊற்றிக்கொள்வதற்குள் முடிவாகிவிட்டது.

"அங்க இருக்கதும் இதே மாதாதானே?" என்றாள்.

"மாதா ஒண்ணுதான். ஆனா நீ நேந்தது வேளாங்கண்ணிக்கு. இடத்தை மாத்தணும்னா அதிகாரம் உள்ளவங்க உத்தரவு வேணும்."

நான் விளையாட்டாகச் சொல்லவில்லை. திருச்சபைச் சட்டத்தில் நேர்ச்சையை மாற்றுவதற்கு விதி இருக்கிறது, தேடிப் படித்தேன். பங்குச் சாமியாரிடம் அழைத்துப் போனேன். என் மகன் வயதுகூட இராது. பொறுமையாகக் கேட்டுவிட்டு, "சந்தோஷமாகப் போய் வாருங்கள்" என்றார். எழுத்துமூலமாக வேண்டும் என்றேன். சுற்றுமுற்றும் தாள் தேடி, ஞாயிற்றுக்கிழமை அறிவிப்புத் தாளின் பின்பக்கத்தில் பென்சிலால் இரண்டு வரி கிறுக்கிக் கொடுத்தார். தேதியில்லை, முத்திரையில்லை. தேதியாவது போடச் சொல்லி வாங்கிக்கொண்டேன்.

காரில் ஏறியதும் அவள் கேட்டாள்: "ஏங்க, மாதா என்ன உங்க தாலுகா ஆபீஸ்லயா வேலை பாக்கா?"

விசாவுக்காக நான்கு மணி நேரம் கார் ஓட்டி ஹூஸ்டனில் இருந்த பிரெஞ்சுத் தூதரகத்துக்குப் போனோம். நாற்பத்திரண்டு பக்கக் கோப்பு, பக்க எண்ணோடு, பொருளடக்கத்தோடு கொடுத்தேன். ஜன்னலில் இருந்தவர் நான்கு தாளை உருவிக்கொண்டு மீதியைத் திருப்பித் தள்ளிவிட்டார். என் மருந்துகளுக்கும் ஒரு பட்டியல் தட்டச்சு செய்து மூன்று நகல் எடுத்தேன். எனக்கொன்று, அவளுக்கொன்று, மகனுக்கொன்று.

பள்ளத்தாக்கைக் குறை சொல்ல முடியாது. ஆறு அவசரமில்லாமல் போனது. கரையெல்லாம் வால்நட் மரங்கள். ஆற்றின் இந்தக் கரையில் ஒரு கோட்டை, எதிர்க்கரையில் ஒரு கோட்டை. எல்லைத் தகராறு என்று பார்த்தவுடனே தெரிந்தது. எனக்கு எரிச்சல் மூட்டியது அவர்கள் கொடுத்த வழிக்குறிப்புதான். 'பெரிய வால்நட் மரத்தருகே இடப்புறம் திரும்பவும்' என்று எழுதியிருந்தது. அங்கே எந்த மரம் வால்நட் இல்லை, எந்த மரம் பெரியதில்லை? நான்கெல்லை குறிப்பிடாமல் ஒரு இடத்தை எழுதியவனை நான் வேலையில் இருந்தபோது சும்மா விட்டதில்லை. இவள் வழியிலிருந்த ஒவ்வொரு கோயிலிலும், ஆயிரம் வருடத்துக் கல் குளிர்ந்து கிடக்கும் இருட்டுக்குள் போய், முழங்காலிட்டுப் பத்து நிமிடம் ஜெபமாலை உருட்டினாள். நான் வெளியே நின்று மரங்களை அடையாளம் கண்டுகொண்டிருந்தேன்.

மூன்றாம் நாள் காலை ஆற்றைக் கடக்க வேண்டியிருந்தது. கம்பியைப் பிடித்து இழுத்துக்கொண்டு போகும் சின்னப் படகு. ஏழு நிமிடத்தில் அக்கரை. இவள் துறையிலேயே நின்றுவிட்டாள்.

"இது வண்டிதானே?"

"படகு. வண்டின்னா சக்கரம் இருக்கணும்."

"கால் தரையில படாது இல்ல?"

"குறிப்புலயே படகுல ஏறணும்னு போட்டிருக்கு. அங்கீகாரம் பெற்ற வழி இது."

"அது சுத்திப் பாக்க வந்தவங்களுக்கு எழுதினது. நான் நேந்துகிட்டு வந்தவ. நீங்க ஏறிப் போங்க. நான் பாலத்தைச் சுத்தி வாரேன்."

படகுக்காரர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். பாலம் ஏழு கிலோமீட்டர் தள்ளி இருந்தது. அவளைத் தனியே விட மனமில்லை என்று சொன்னால் நன்றாக இருக்கும். உண்மை என்னவென்றால் அவளுக்கு வரைபடம் பார்க்கத் தெரியாது.

பாலத்தைத் தாண்டியதும் பாதை மேடாக ஏறியது. நிழலே இல்லை. நான் வழியெல்லாம் பேசிக்கொண்டே வந்தேன். வண்டி என்ற சொல்லுக்குச் சட்டப்படி பொருள் என்ன, வேளாங்கண்ணிக்குப் போகிறவர்கள் வழியில் ஆறு குறுக்கிட்டால் என்ன செய்வார்கள், முப்பத்திநான்கு வருட சர்வீஸில் இப்படியொரு பிடிவாதக்கார மனுதாரரை நான் பார்த்ததுண்டா என்றெல்லாம். மதியம் ஒரு மணிக்கு மேல் இருக்கும். பாதையோரம் ஒரு கற்சிலுவை. அதை நெருங்கும்போது என் பேச்சு பாதியில் நின்றது. நெஞ்சின்மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருந்தது. சிலுவையின் பீடத்தில் சாய்ந்து உட்கார்ந்தேன்.

"மாத்திரை எங்க?" என்றாள்.

சட்டைப்பையிலிருந்து பட்டியலை எடுத்து நீட்டினேன்.

"மாத்திரையைக் கேட்டேன்."

"பெட்டியில."

"பெட்டி எங்க?"

பெட்டி அடுத்த ஊர் விடுதியில் இருந்தது. வெயிலும் வியர்வையும் மாத்திரையைக் கெடுத்துவிடும், பெட்டியோ தினமும் நமக்கு முன்னால் போய்ச் சேர்ந்துவிடுகிறது, ஆகவே மாத்திரை பெட்டியில் இருப்பதே பாதுகாப்பு என்று தீர்மானித்தது நான்தான். நாக்குக்கு அடியில் உடனே வைக்க வேண்டிய மாத்திரையும் அதில் அடக்கம். அதன் பெயர், அளவு, வைக்க வேண்டிய முறை எல்லாம் பட்டியலில் முதல் வரியிலேயே சுத்தமாக இருந்தது.

அவள் திட்டவில்லை. நாற்பது வருடத்தில் திட்டுவதற்கு இதைவிட நல்ல சந்தர்ப்பம் அவளுக்கு வாய்த்ததில்லை. என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிவிட்டு முந்தானையால் விசிற ஆரம்பித்தாள். அதுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது.

எங்களிடம் போன் கிடையாது. கண்ணுக்கெட்டிய தூரம் வீடு இல்லை. எவ்வளவு நேரமோ தெரியவில்லை, ஒரு வெள்ளை வேன் வந்தது. கிராமம் கிராமமாக ரொட்டி விற்றுவிட்டுத் திரும்பும் வண்டி. ஓட்டிவந்தது எங்கள் வயதுள்ள ஒரு பெண்மணி. இறங்கிவந்து என் முகத்தைப் பார்த்தார், முன்கதவைத் திறந்தார். இரண்டு பேருமாக என்னைத் தூக்கி உட்கார வைத்தார்கள். முன்னால் இன்னொருவருக்கு இடமில்லை.

காலையில் ஏழு நிமிடப் படகுக்கு ஏழு கிலோமீட்டர் சுற்றவைத்தவள், பின்கதவைத் தானே இழுத்துத் திறந்து, காலி ரொட்டித் தட்டுகளுக்கு நடுவே சேலையைச் சுருட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டாள். ஒரு நொடி தயங்கவில்லை. "ஓட்டுங்கம்மா" என்றாள் தமிழில். அந்தம்மா ஓட்டினார்.

அடுத்த ஊர் மருந்துக்கடையில் பட்டியலைப் படித்ததும் என் நாக்குக்கு அடியில் மருந்தைப் பீய்ச்சினார்கள். பட்டியல் பயன்பட்டது என்பதையும் இங்கே பதிவு செய்கிறேன். டாக்டர் வந்தார், இ.சி.ஜி. எடுத்தார். மாரடைப்பு இல்லை, எச்சரிக்கைதான், இனி ஒரு அடியும் நடக்கக்கூடாது என்று சொல்லிவிட்டார். நாற்பத்திரண்டு பக்கக் கோப்பை யாரும் கேட்கவில்லை. மகன் மட்டும் போனில் கத்தினான். "அப்பா, மெடிசினை யாராவது லக்கேஜ்ல போடுவாங்களா? கையில வச்சுக்கோங்கன்னு எத்தனை தடவை ரிமைண்ட் பண்ணேன்!"

அன்று மாலை விடுதி ஜன்னலோரம் அவள் ஜெபமாலையைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். உருட்டவில்லை. மறுநாள் எட்டாம் தேதி. எனக்காக நேர்ந்த நேர்ச்சை என்னாலேயே முறிந்துபோய்க் கிடந்தது. எனக்குத் தெரிந்ததைச் செய்தேன். தவிர்க்க முடியாத காரணத்தால் ஏற்பட்ட முறிவை முறிவாகக் கருத முடியாது என்று ஆரம்பித்தேன்.

"சும்மா படுங்க" என்றாள். சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டு, "நான் அழுதா அழுதுட்டுப் போறேன். அதுக்கும் ஒரு ஜி.ஓ. போடாதிய."

காலை ஏழு மணிக்கு அதே வேன் விடுதிக்கு ரொட்டி போட வந்தது. நான் எப்படி இருக்கிறேன் என்று பார்க்க அந்தம்மா உள்ளே வந்தார். மனைவியின் வீங்கிய கண்ணையும் கையிலிருந்த ஜெபமாலையையும் பார்த்துவிட்டு, விடுதிக்காரரிடம் என்ன விஷயம் என்று கேட்டார். விடுதிக்காரருக்குக் கொஞ்சம் ஆங்கிலம் வரும். அவர் மூலமாக நான் விவரத்தைச் சொன்னேன். அந்தம்மா கேட்டு முடித்துவிட்டு வேனைக் காட்டினார், நேற்று வந்த திசையைக் காட்டினார், தரையில் காலால் ஒரு தட்டுத் தட்டினார். விட்ட இடத்தில் கொண்டுபோய் இறக்குகிறேன், அங்கிருந்து நட என்பதற்கு மொழிபெயர்ப்பு தேவைப்படவில்லை.

முறிந்த இடத்துக்குத் திரும்பிப் போவதற்கே வண்டியில் ஏறலாமா என்று நான் ஒரு சந்தேகம் எழுப்பினேன். விடுதிக்காரர் அதைச் சொன்னார். அந்தம்மா என்னைப் பார்த்து ஏதோ பதில் சொன்னார். விடுதிக்காரர் அதை மொழிபெயர்க்க மறுத்துவிட்டார்.

மனைவியைக் கற்சிலுவையருகே இறக்கிவிட்டோம். அங்கிருந்து கோயிலுக்கு இருபது கிலோமீட்டர். வழிக்குறிப்பும் வேண்டாம், வரைபடமும் வேண்டாம். அந்தம்மாவின் ரொட்டிப் பாதை அந்தச் சாலையிலேயே ஊர் ஊராகப் போய்க் கோயில் ஊரில் முடிகிறது. வேனைப் பார்த்துக்கொண்டு அவள் நடக்க வேண்டியதுதான். என்னை முன்சீட்டில் வைத்துக்கொண்டார். நோயாளி என்ற மரியாதை இரண்டு ஊர் வரைக்கும்தான் இருந்தது. மூன்றாவது ஊரில் என் மடியில் ஒரு கூடையைத் தூக்கி வைத்துவிட்டார். ஜன்னல் வழியாக ரொட்டி எடுத்துக் கொடுத்தேன். நீட்டு ரொட்டி, உருண்டை ரொட்டி. ஒரு பாட்டி தட்டிப் பார்த்துவிட்டு வேகவில்லை என்று திருப்பிக் கொடுத்தாள். வேறு எடுத்துக் கொடுத்தேன், அதையும் தட்டினாள். இப்படிப்பட்ட மனுதாரர்களை எனக்கு நன்றாகத் தெரியும். "அடுத்தவங்க வாங்க" என்றேன். அப்போதுதான் மனைவி எங்களைக் கடந்து போனாள். நின்று பார்த்துவிட்டு, முந்தின நாளுக்குப் பிறகு முதல் தடவையாகச் சிரித்தாள்.

"தாசில்தாரய்யா, சீக்கிரம் குடுங்க. ஆளுங்க நிக்காங்க!"

அதன்பின் வேன் முந்திவிட்டது. மத்தியானம் என்னைக் கோயில் ஊரில் படிக்கட்டுக்குக் கீழே ஒரு பெஞ்சில் உட்கார வைத்து, கையில் ஒரு ரொட்டியும் கொடுத்துவிட்டு அந்தம்மா போய்விட்டார். பெயரைக்கூடக் கேட்டுக்கொள்ளவில்லை நான். நான்கு மணி நேரம் அந்தச் சாலையையே பார்த்துக்கொண்டிருந்தேன். திருவிழாக் கூட்டம் போய்க்கொண்டும் வந்துகொண்டும் இருந்தது. வழி தவறியிருப்பாளோ, கால் பிசகியிருக்குமோ என்று நினைத்து நினைத்து, அவள்மேல் வந்த கோபத்தில் ரொட்டி முழுவதையும் தின்றுவிட்டேன்.

நான்கரை மணிக்கு வந்தாள். ஷூவைக் கழற்றிக் கையில் வைத்திருந்தாள். கால் முழுக்கப் புழுதி. நான் கேட்க நினைத்திருந்தது வேறு. வாயில் வந்தது இதுதான்.

"நேத்து அந்த வண்டியில ஏறும்போது ஒரு நிமிஷம் யோசிச்சிருக்க வேண்டாமா நீ?"

"யோசிக்க என்ன இருக்கு? நீங்க இருக்கணும்னுதானே நேந்தேன்" என்று சொல்லி, ஷூவை என் கையில் கொடுத்துவிட்டுப் படியேறப் போய்விட்டாள்.

நான் கீழேயே உட்கார்ந்திருந்தேன். முப்பத்திநான்கு வருடம் 'விதிகளில் இடமில்லை' என்று எழுதி நான் திருப்பி அனுப்பிய மனுக்களுக்குக் கணக்கில்லை. அவற்றில் எத்தனை, அந்த விதி யாருடைய நன்மைக்காகப் போடப்பட்டதோ அந்த ஆளையே வாசலில் நிறுத்தி வைத்தன என்ற கேள்வி, பிளானோவில் அவள், அன்று ரொட்டி வண்டியில் ஏறியதுபோலக் காரில் ஏறிக் கதவைச் சாத்தும் சத்தம் கேட்கிறபோதெல்லாம் இன்றும் என்னைக் குடைந்துகொண்டிருக்கிறது.