நான் தேய்த்த வெள்ளைப் பூச்சு

முனியம்மாவின் இடுப்பைக் கெடுத்தது அவள் தூக்கிய தக்காளிக் கூடை அல்ல... நான்!

தருமபுரியில் ஒரு தனியார் மருத்துவமனையின் ஆபரேஷன் தியேட்டரில் நான் நர்ஸ். "ஸ்டெல்லா கழுவினா எதுவும் புதுசு மாதிரி மின்னும்" என்று டாக்டரே சொல்வார். அந்தப் பெருமை என் தலைக்கு ஏறியிருந்தது.

இடுப்பு முறிந்தவர்களுக்குத் தொடை எலும்புக்குள் செருகும் உலோகத் தண்டு ஒன்று ஒருநாள் என் கைக்கு வந்தது. வேறொருவருக்காக உறை பிரித்து, அளவு சேராததால் எடுத்து வைத்திருந்தோம். அப்படி மிஞ்சியதைச் சுத்தம் செய்து அடுத்தவருக்கு வைப்பது எங்கள் வழக்கம். அதன் மேற்பகுதி சுண்ணாம்பு அடித்தாற்போல் வெளுத்து, சொரசொரப்பாக இருந்தது. அழுக்கு என்று நினைத்தேன்! கம்பி பிரஷ்ஷால் தேய்த்து எடுத்து, கிருமி நீக்கி அடுக்கினேன்.

பாலக்கோட்டுப் பக்கம் தக்காளி போடுகிறவள் முனியம்மா. வரப்பில் வழுக்கி இடுப்பு முறிந்து வந்தாள். நான் நீட்டிய அந்தத் தண்டை டாக்டர் அப்படியே வாங்கிச் செருகினார்.

பிறகு ஒருநாள் அந்தத் தண்டுகளை விற்கும் கம்பெனிக்காரர் பேச்சோடு பேச்சாகச் சொன்னார்: "அந்த வெள்ளைப் பூச்சு மேல விரல்கூடப் படக்கூடாதுங்க சிஸ்டர். அதைப் புடிச்சுக்கிட்டுத்தான் எலும்பு வளந்து ஒட்டும்."

நான் தேய்த்து எடுத்தது அதைத்தான்! யாரிடமாவது சொன்னேனா? வேலை போய்விடுமே என்று வாயை மூடிக்கொண்டேன்...

முனியம்மா வலியோடு திரும்பி வந்தாள். எக்ஸ்ரேயில் தண்டு எலும்போடு ஒட்டாமல் ஆடிப்போயிருந்தது. "வெயிட் தூக்கினியாம்மா?" என்றார் டாக்டர். ஒருநாள் ஒரு கூடை தூக்கியதாக வெள்ளந்தியாய் ஒப்புக்கொண்டாள்.

அப்போது நான் என்ன செய்தேன் தெரியுமா? "படிச்சுப் படிச்சு சொன்னோமே, கேட்டீங்களா?" என்று அவள் புருஷன் எதிரிலேயே கத்தினேன்!

மறு ஆபரேஷன் எல்லாம் வேண்டாமென்று அவன் கூட்டிப்போய்விட்டான்.

ஒவ்வொரு ஈஸ்டருக்கு முன்னும் பாவசங்கீர்த்தனம் செய்யக் கோயிலுக்குப் போகிறேன். ஜெபமாலை சொல்லாததை, மாமியாரை எதிர்த்துப் பேசியதை எல்லாம் சாமியாரிடம் சொல்கிறேன். இதை மட்டும் விழுங்கிவிடுகிறேன். உங்களிடம் சொல்வது எளிது, நீங்கள் என் முகத்தைப் பார்க்கவில்லையே!

போன வாரம் பாலக்கோடு பஸ் ஸ்டாண்டில் அவளைப் பார்த்தேன். ஒளியப் பார்த்தேன், முடியவில்லை. கோலை ஊன்றி, காலை இழுத்து இழுத்து என்னிடமே வந்தாள்.

"வூட்ல எல்லாரும் திட்டறாங்க சிஸ்டர். திட்டட்டும். நீங்க அவ்ளோ சொல்லியும் நான்தான் கேக்கல. மனசுல வெச்சுக்காதீங்க."

சொல்லிவிடு... இப்போதாவது சொல்லிவிடு! நாக்கு நுனிவரை வந்தது.

"பரவால்லைங்க, விடுங்க" என்றேன்.

அவள் நிம்மதியாகச் சிரித்தாள். நான் அவளை மன்னித்துவிட்டேனாம்... நான், அவளை!