பாதியாகும் மருந்து

சின்னமனூர்ப் பக்கத்தில் ஒரு மேல்நிலைப் பள்ளியில் நான் வேதியியல் ஆசிரியை. கதிரியக்கப் பொருள் பாதியாகக் குறைய எடுக்கும் நேரத்தை அரை ஆயுட்காலம் என்று கரும்பலகையில் எழுதிப்போட்டு, பல வருடங்களாகப் பிள்ளைகளைக் கணக்குப் போட வைத்திருக்கிறேன். தேர்வுக்கு வெளியே அதற்கு ஒரு வேலை இருக்கும் என்று யோசித்ததே இல்லை.

என் கணவர் திராட்சை போடுகிறவர். அவர் கழுத்தில் நெறி கட்டியது போல வந்தது, நிணநீர்ப் புற்றுநோய் என்று தெரிந்தது. நான்கு முறை கீமோ ஏற்றியபின், அது கேட்டிருக்கிறதா என்று பார்க்க மதுரையில் பெட் ஸ்கேன் எடுக்கச் சொன்னார்கள். விடிகாலையில் காரில் கிளம்பினோம். அவர் வெறும் வயிறு. அவருக்குத் துணையாக நானும் சாப்பிடவில்லை.

ஸ்கேன் மையத்தில் ஊசிக்காக ஐந்து பேர் காத்திருந்தார்கள். எங்களுக்கு அடுத்த முறை, எங்கள் பக்கத்து ஊரான உத்தமபாளையத்திலிருந்து மகளோடு வந்திருந்த ஓர் அம்மாவுக்கு. மெலிந்த உடம்பு. முக்காட்டை இழுத்துவிட்டபடி சுவரில் சாய்ந்திருந்தார்.

ஊசியில் போடும் மருந்து அங்கே தயாராவதில்லை. வேறொரு ஊரில் சைக்ளோட்ரான் என்ற இயந்திரத்தில் கதிரியக்க ஃப்ளூரினை உண்டாக்கி, அதைச் சர்க்கரையோடு சேர்த்து, ஈயப்பெட்டியில் வைத்துக் காரில் அனுப்புகிறார்கள். புற்று இருக்கும் இடம் சர்க்கரையை அதிகம் இழுத்துக்கொள்ளும். படத்தில் அந்த இடம் தனியாகத் தெரியும். அன்றைக்கு வழியில் ஒரு லாரி கவிழ்ந்து, மருந்து வந்த கார் சாலையிலேயே நின்றுவிட்டது. வந்து சேர்ந்தபோது ஏறக்குறைய இரண்டு மணி நேரம் தாமதம். ஃப்ளூரினுக்கு அது போதும், பாதி போய்விடும்.

முதல் மூன்று பேருக்கு ஊசி போட்டார்கள். அடுத்து எங்கள் முறை. ஸ்கேன் எடுக்கும் பெண் தயங்கியபடி எங்களிடம் வந்தாள்.

“சார், எடைக்குத் தக்கன மருந்து போடணும். உங்க எடைக்கு இப்ப மிச்சம் இருக்குறது பத்தாது. அந்தம்மாவுக்குன்னா சரியா இருக்கும். நீங்க நாளைக்கு வர முடியுமா?”

“முறை எங்களுக்குத்தானே?” என்றேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை. ஆனாலும் நிறுத்தவில்லை. “நாங்க எங்கன இருந்து வர்றோம் தெரியுமா?”

“அவுகளும் அங்கன இருந்துதான வந்திருக்காக” என்றார் என் கணவர். “சுகர் வேற இருக்காம். வெறும் வயித்துல எம்புட்டு நேரம் கிடப்பாக? பாப்பா, நீ அவுகளக் கூட்டிட்டுப் போத்தா.”

அந்த அம்மா எழுந்து எங்கள் பக்கம் வந்தார். “வேணாம்ப்பா, ஒங்க முறைய நான் எடுத்துக்கிட்டா நல்லாவா இருக்கும்?”

“நாம பேசப் பேச அது கொறஞ்சுக்கிட்டே இருக்கும்மா. போங்க.”

அந்த அம்மா உள்ளே போய்விட்டார். கணவர்மேல் இருந்த கோபத்தில், கைப்பையில் இருந்த மருந்துச்சீட்டின் பின்பக்கத்தில் கணக்குப் போட்டேன். கார் வந்தபோது இருந்தது, மூன்று பேருக்குப் போட்டது, அதற்குள் கடந்த நேரம். எப்படிப் போட்டாலும் இவர் எடைக்கு எட்டவில்லை. நாங்கள் பிடிவாதம் பிடித்து நேரத்தைக் கடத்தியிருந்தால், அந்த அம்மாவுக்கும் பத்தாமல் போய், அன்றைக்கு இரண்டு பேருமே திரும்பியிருப்போம். சீட்டை அவரிடம் காட்டினேன்.

“எனக்கு இதெல்லாம் புரியாது, டீச்சர்” என்று சிரித்தார். “பசிக்குது. வா, சாப்பிடப் போவோம்.”

எதிரே இருந்த கடையில் அவர் ஐந்து இட்லி சாப்பிட்டார். ஒரு விடுதியில் தங்கினோம். மறுநாள் மருந்து நேரத்துக்கு வந்தது. ஊசி போட்டபின் பேசாமல், அசையாமல் ஒரு மணி நேரம் படுத்திருக்கச் சொன்னார்கள். கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பார்த்தேன். ஆள் நன்றாகத் தூங்கிக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து மருத்துவர் பழைய படத்தையும் புதுப் படத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக் காட்டினார். முதல் படத்தில் கழுத்தும் மார்பும் விளக்குப் போட்டது போல இருந்தன. புதிதில் மார்பில் மட்டும் மங்கலாக ஒரு புள்ளி. “மருந்து கேட்டிருக்கு. மிச்சமுள்ள ரெண்டு கீமோவையும் முடிச்சிருவோம்” என்றார்.

முடித்தோம். திராட்சைக் கொடிகளுக்குக் கவாத்து வெட்டுகிற சமயத்தில் அவர் தோட்டத்துக்குப் போக ஆரம்பித்தார். அந்த அம்மாவுக்கு ஸ்கேனில் என்ன வந்தது என்று எனக்குத் தெரியாது. ஊர் கேட்டேனே தவிர, போன் நம்பர் வாங்கத் தோன்றவில்லை.