மடியில் சூடாகப் போன குப்பி

காலை பத்தேகாலுக்கு ஒரகடத்தில் ஆட்டோ ஏறினேன். தண்டலம் வரை ஏறக்குறைய இருபது கிலோமீட்டர். முன்னூற்றைம்பது ரூபாய் பேசினேன். கையில் விரலளவு குப்பி. அதில் இசக்கியின் முதுகுத்தண்டிலிருந்து எடுத்த நீர்.

இசக்கி, வல்லக்கோட்டையில் என் மாடி அறையில் குடியிருப்பவள். தென்காசிப் பக்கத்துப் பெண். செல்போன் கம்பெனியில் வேலை. விடியற்காலையில் காய்ச்சலில் கழுத்து விறைத்துப் பேச்சுக் குழறிவிட்டது. "மூளைக்காய்ச்சல் மாதிரி தெரியுது. ஊசி போட்டாச்சு. எந்தக் கிருமின்னு தெரிஞ்சாதான் சரியான மருந்து குடுக்கலாம்" என்றார் ஒரகடத்துச் சின்ன ஆஸ்பத்திரி டாக்டர். அந்தச் சோதனை தண்டலத்துப் பெரிய ஆஸ்பத்திரியில்தான். கொண்டுபோகிற ஆள் வரவில்லை, நான் வாங்கிக்கொண்டேன்.

எனக்குத் தெரியாத சங்கதியா? எங்கள் ஊரில் தடுப்பூசி போடும் நாளில் ஐஸ் பெட்டி என் வீட்டு வாசலில்தான் இருக்கும். கூட்டுரோட்டு ஜூஸ் கடையில் நிறுத்தச் சொல்லி இருபது ரூபாய்க்கு ஐஸ் வாங்கினேன்.

டிரைவர் திரும்பிப் பார்த்தார். "இன்னா ஆயா, மீனா எடுத்துகினு போற?"

"உன் வேலையைப் பாருப்பா. ஆஸ்பத்திரியில எடுத்தது, சோதனைக்குப் போவுது. ஐஸ் இல்லாட்டி கெட்டுப்பூடும்."

"நர்ஸம்மா ஐஸ் வைக்கச் சொல்லிச்சா?"

சொல்லவில்லை. அவரே ஆஸ்பத்திரிச் சீட்டில் இருந்த நம்பரைப் பார்த்து என் போனில் நர்ஸைப் பிடித்துக் கொடுத்தார். அந்தப் பெண் அலறினாள்: "அய்யய்யோ, வெச்சிடாதீங்க பாட்டி! அந்தக் கிருமி உயிரோட போய்ச் சேரணும். குளிர்ல செத்துட்டா அங்க வளராது. அப்புறம் எதுன்னே கண்டுபிடிக்க முடியாது."

பிள்ளையைக் கொல்ல வந்ததை நான் கதகதப்பாக வைத்துக் காப்பாற்ற வேண்டுமாம்! குப்பியைப் பஞ்சில் சுற்றி மடியில் செருகி, முந்தானையால் மூடிக்கொண்டேன். ஐஸ் டிரைவரின் தண்ணீர் பாட்டிலுக்குப் போயிற்று. கண்டெய்னர் லாரிகளுக்கு நடுவே நான், "பள்ளம் பாத்து ஓட்டுப்பா" என்று சொல்லிக்கொண்டே வந்தேன்.

"புள்ளத்தாச்சிய இட்டுகினு போற மாதிரி கீது ஆயா" என்று சிரித்தார்.

பதினொன்றரைக்குச் சேர்ந்தோம். சோதனைக்கூடத்துப் பெண் குப்பியைத் தொட்டுப் பார்த்து, "பதமா கொண்டாந்திருக்கீங்க" என்றாள்.

முடிவு போனில் வரும் என்றார்கள். நான் சுமந்ததை நான் பார்க்க வேண்டாமா? மூன்றாம் நாள் மறுபடியும் போனேன். அதே சோதனைக்கூடத்துப் பெண், கிருமியை வளர்த்து மூடிவைத்த கண்ணாடித் தட்டைத் தூரத்திலிருந்து காட்டினாள். தட்டிலிருந்த சிவப்பு மேல் பனித்துளி தெளித்தாற்போல இருந்தது.

"நிமோகாக்கஸ்னு பேரும்மா. இப்பப் பொறக்கிற குழந்தைங்களுக்கு இதுக்குத் தடுப்பூசி இருக்கு. உங்க பொண்ணு பொறந்தப்ப இல்ல. எந்த மருந்துக்கு அடங்கும்னு டாக்டருக்குச் சொல்லிட்டோம்."

"அப்புறம் இன்னும் எதுக்கும்மா வெச்சிருக்க?"

"இதுல பல ரகம் இருக்கு. எந்த ஊர்ல எந்த ரகம் வருதுன்னு பாத்து மேலிடத்துக்குக் கணக்கு அனுப்புவோம். தடுப்பூசி அந்த ரகத்தைத் தடுக்குதான்னு தெரியணும்ல."

நெல்லில் ரகம் பார்த்து விதைத்தவளுக்கு இது புரியாதா? "வல்லக்கோட்டைன்னு ஊர்ப்பேரைச் சரியா எழுதிக்கோ" என்றேன்.

திரும்பி ஒரகடம் வந்தபோது மருந்தை மாற்றியிருந்தார்கள். அன்று மாலை இசக்கி கண் திறந்து, "பாட்டி, ஷிப்டுக்கு நேரமாச்சா?" என்றாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டேன்.

அவளை வீட்டுக்கு அழைத்துப்போன நாளிலும் அதே ஆட்டோதான். ஜூஸ் கடை வந்ததும் டிரைவர் வண்டியை ஓரம் கட்டினார். "ஆயா, இப்ப ஐஸ் போட்டுக்கலாமா?"

இசக்கிக்கு விளங்கவில்லை. அவர் கதையைச் சொல்லச் சொல்ல அவள் என்னையே பார்த்தாள். "என்னக் கொல்ல வந்ததையா மடியில வச்சிருந்தீய?"

"இல்லாட்டி அது யாருன்னு எப்படிடி தெரியும்? குடி" என்று ஐஸ் போட்ட ஜூஸை அவள் கையில் கொடுத்தேன்.

ஒரு கட்டி ஐஸை வாயில் போட்டுக் கடித்தாள். வல்லக்கோட்டை வரும்வரை அந்தக் கறுக் கறுக் சத்தத்தைக் கேட்டுக்கொண்டே வந்தேன்.