வெயிலில் இழுத்த சுருள்

தோவாளைப் பூச்சந்தையில் மதினி தன் கேமராவின் முதுகைத் திறந்து பிலிம் சுருளை வெயிலில் இழுத்துப்போட்ட காட்சி இன்னும் என் கண்ணில் நிற்கிறது. மூன்று வாரம் கோட்டாற்றுக் கடைத்தெருவிலும் இரணியல் ஸ்டேஷனிலும் அலைந்து எடுத்த படங்கள் அந்த ஒரே சுருளில் இருந்தன. வெளிச்சம் பட்ட ஒரு நொடியில் அத்தனையும் போயின.

மதினி என் அண்ணனின் மனைவி. குவைத்தில் பதினெட்டு வருடம் நர்ஸாக இருந்துவிட்டு ஊர் திரும்பியபோது பழைய பிலிம் கேமரா ஒன்றைக் கொண்டுவந்தார். எடுப்பது கருப்பு வெள்ளைதான். குளியலறை ஜன்னலைத் துணியால் அடைத்து இருட்டாக்கி, பிலிமைத் தானே கழுவிப் பிரிண்ட் போடுவார். பூச்சந்தைக்குப் போய்க் கருப்பு வெள்ளையில் எடுப்பானேன் என்று ஒருமுறை கேட்டேன். "நான் பூவப் பாக்கவா போறேன்? ஆளப் பாக்கத்தான போறேன்" என்றார். ஸ்கூட்டர் ஓட்டுவது என் வேலை.

அன்று பிச்சிப்பூக் குவியலுக்குப் பின்னால் குனிந்து எடை போட்டுக்கொண்டிருந்த ஒரு அக்காவை மதினி எடுத்தார். அறுபது வயதிருக்கும். கேமராச் சத்தம் கேட்டதும் தராசைப் போட்டுவிட்டு எழுந்து வந்தார்.

"என்னயா படம் பிடிச்ச? அழி. இப்பவே அழி."

"இது போன் இல்லக்கா, பிலிமு. ஒண்ண மட்டும் அழிக்க முடியாது. எல்லாம் போயிரும்."

"போவட்டும்."

சுற்றிலும் ஆள் கூடிவிட்டது. நான் மதினியின் கையைப் பிடித்து இழுத்தேன். அவர் அந்த அக்காவின் முகத்தையே சற்று நேரம் பார்த்தார். பிறகுதான் கேமராவைத் திறந்தார்.

திரும்பும் வழியெல்லாம் நான் பொருமினேன். "அவங்களுக்கு ஏதோ பயம். கேக்காம எடுத்தது எனக்க தப்பு" என்றவர், வீட்டு வாசலில் இறங்கும்போது, "அடுத்த சனிக்கிழமையும் போணும்" என்றார்.

போனோம். கேமரா மூடியைக் கழற்றாமல், அந்த அக்காவிடம் நூறு கிராம் பிச்சி வாங்கிக்கொண்டு வந்தோம். அதற்கடுத்த வாரமும் அப்படியே. அக்கா முகம் கொடுக்கவில்லை. மதினியும் விடவில்லை. ஐந்தாம் வாரம் அக்காவே தன் பக்கத்தில் ஒரு சாக்கை விரித்து, "இரி" என்றார். மகன் துபாயில் இருக்கிறானாம். இவருக்கு நெஞ்சில் ஆபரேஷன் ஆனபின் சந்தைக்குப் போகக்கூடாதென்று சத்தியம் வாங்கியிருந்தானாம். "படம் அவன் கண்ணுல பட்டா வேலய விட்டுட்டு வந்து நிப்பான் மக்கா. வீட்டுல சும்மா கிடந்தா நான் செத்துருவேன்."

மதினி ஆபரேஷன் பற்றி விவரமாகக் கேட்டார். கனமான கூடை தூக்கக்கூடாது, மாத்திரையை விடக்கூடாது என்று மட்டும் சொன்னார். சந்தைக்கு வராதே என்று சொல்லவில்லை.

மழைக்காலம் முடிந்தபின் ஒருநாள் நாங்கள் போய் இறங்கியதுமே அக்கா கைதட்டிக் கூப்பிட்டார். யாரோ சொல்லி மகனுக்குத் தெரிந்துவிட்டது. போனில் கத்தியிருக்கிறான். "நீ அங்க எதுக்கு கிடந்து கஷ்டப்படுதியோ அதுக்குத்தாம்ல நானும் போறேன், விடமாட்டேன்னுட்டேன்" என்றவர், முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு தராசைக் கையிலெடுத்தார். "இப்ப எடு. நல்லா நேராப் பாத்து எடு. அவன் பாக்கட்டும்."

மதினி மூடியைக் கழற்றினார். ஒரே ஒரு படம். அதற்குமேல் எடுக்கவில்லை.

அன்று மாலை குளியலறையின் சிவப்பு வெளிச்சத்தில், மருந்துத் தட்டிலிருந்த தாளில் அந்த முகம் மெல்ல மேலெழுந்து வந்தது. கண் இரண்டும் நேராக எங்களைப் பார்த்தன. மதினி பிரிண்டைக் காயவைத்தார். பிறகு அந்த ஒரு நெகட்டிவை மட்டும் வெட்டி, பிரிண்டோடு ஒரே கவரில் போட்டார்.

"நமக்கு ஒண்ணு வேண்டாமா மதினி?"

"அவங்க மூஞ்சி. அவங்க கையிலயே இருக்கட்டும்."

மதினி எடுத்த நூற்றுக்கணக்கான படங்கள் இன்று எங்கள் வீட்டில் இருக்கின்றன. அவர் எடுத்ததிலேயே ஆகச் சிறந்தது அக்கா கையிலிருந்து துபாய்க்குப் போய், ஒரு தொழிலாளர் அறைச் சுவரில், மகனின் கட்டிலுக்கு மேலே ஒட்டியிருக்கிறதாம்.