பனியன் கட்டிய மூங்கில்

எங்கள் வீட்டுக்கு எதிரே மூன்று மாடிக் கட்டடம் எழும்ப நகராட்சிக் கமிட்டி சம்மதித்த காலையில் நானும் அங்கேதான் நின்றேன். ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அதில் ஒரு மாடி குறைந்திருக்கும். சொல்லவில்லை. அதை நினைத்தால் இப்போதும் முதலில் என் மேல் கோபம் வருகிறது, அப்புறம் அப்பா மேல், கடைசியாக ஒரு பாவமும் அறியாத ஒரு மூங்கில் மேல்.

திருப்பூரில் ரயில் பாதைக்கு மேற்கே, பாறையும் வேலமுள்ளுமாக ஒரு கரடு இருந்தது. வெளியூர்க்காரர்களிடம் மலை என்று சொல்லிக்கொள்வோம். பழநிக்குப் போய் வந்தவர்கள் சிரிப்பார்கள். அதன் கிழக்குச் சரிவில் படிப்படியாகப் பதினாலு ஓட்டு வீடுகள். மேல் வீட்டுக்காரர் பாத்திரம் கழுவினால் கீழ் வீட்டுக்காரர் வாசலில் தண்ணீர் வந்து நிற்கும், அதை வைத்தே வாரம் இரண்டு சண்டை நடக்கும். எங்களுடையது நடுவில் இருந்தது. வாசலில் சப்பையான ஒரு பாறை. அதில் ஏறி நின்றால் பஜார், அப்பா பிட்டராக வேலை பார்த்த ஜின்னிங் பேக்டரியின் புகைபோக்கி, ரயில் பாதை, பாதைக்கு அப்பால் வெளுத்த பனியன் துணியைக் காயப்போடும் களங்கள் எல்லாம் தெரியும். ஊரே எங்களுக்காக விரித்துப் போட்டது என்று சின்ன வயதில் எனக்கு ஒரு எண்ணம்.

அந்தப் பாறைக்கு ஒரு வேலை இருந்தது. நானும் அக்காவும் கீழே பள்ளிக்கோ ஆற்றுக்கோ போயிருக்கும்போது வீட்டுக்கு யாராவது வந்துவிட்டால், அம்மா அப்பாவின் பழைய பனியனை ஒரு குச்சியில் கட்டிப் பாறை இடுக்கில் செருகிவிடுவாள். எங்கிருந்து பார்த்தாலும் தெரியும். அக்காவுக்குத்தான் கண் கூர்மை. "கண்ணு, பனியன் ஏறிடுச்சு, ஓடு" என்று என் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேட்டில் ஓடுவாள். அவள் என்னைவிட ஆறு வயது மூத்தவள். மூச்சு வாங்க வாங்க ஓடியதில் பாதி நாள் முறுக்கு கிடைத்தது, பாதி நாள் தண்ணீர் சுமக்கிற வேலை கிடைத்தது.

அந்த அக்கா இருபது வயதில், தான் வேலை பார்த்த பனியன் கம்பெனியின் கட்டிங் மாஸ்டரைக் கல்யாணம் செய்துகொண்டாள். வேறு சாதி. ரிஜிஸ்தர் ஆபீசில் கையெழுத்துப் போட்டுவிட்டு, மாலையும் கழுத்துமாக நேரே வீட்டுக்கு வந்தார்கள். அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, "ரயில் ரோட்டைத் தாண்டி அந்த ஊட்டுக்குப் போறவங்க இந்த ஊட்டுக்குத் திரும்ப வேண்டாம்" என்றார். அம்மாவுக்கும் எனக்கும் சேர்த்துத்தான் அந்தச் சட்டம். நாங்களும் ஆறு வருஷம் அதை மதித்தோம். எங்களைப் போல நல்ல பிள்ளைகளை எங்கும் பார்க்க முடியாது!

அக்கா குடிபோன வீடு எங்கள் பாறையிலிருந்து தெரிந்தது. ரயில் பாதைக்கு அந்தப் பக்கம், ஒற்றை வேப்பமரம், அதை ஒட்டி ஓட்டு வீடு, நீல வர்ணம் அடித்த கதவு. மனுஷர்கள் கடுகளவுதான் தெரிவார்கள். ஆனால் பொழுது சாய்ந்ததும் அந்தக் கதவுக்குப் பக்கத்தில் ஒரு விளக்கு ஏறும். அது நன்றாகவே தெரியும்.

கதவைச் சாத்திய மறுவாரத்திலிருந்து அப்பா வேலை விட்டு வந்ததும் பாறையில் போய் உட்கார ஆரம்பித்தார். கேட்டால் காற்று வாங்குகிறாராம். எங்கள் ஊரில் காற்று பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்து வருவது. இவர் கிழக்கே பார்த்து உட்கார்ந்து காற்று வாங்கினார்! அங்கே விளக்கு ஏறியதும் எழுந்து வந்து கைகால் கழுவுவார். "அப்பா எந்திரிக்கட்டும், அப்பறம் சோறு போடறேன்" என்பாள் அம்மா. எதற்காக உட்கார்ந்திருக்கிறார் என்று மூன்று பேருக்கும் தெரியும். மூன்று பேரும் அதைப் பற்றிப் பேசியதே இல்லை.

அறுபதுகளின் நடுவில் ஒரு தை மாதம், சரிவுக்குக் கீழே கிடந்த காலி இடத்தை ஒரு பனியன் கம்பெனி முதலாளி வாங்கினார். கீழே கடைகள், முதல் மாடியில் கட்டிங், இரண்டாவதில் தையல், மூன்றாவதில் மடிப்பும் பேக்கிங்கும் என்று பிளான். சரிவில் இருந்த பதினாலு வீட்டுக்கும் நகராட்சியிலிருந்து ஒரு தாள் வந்தது. ஒரு மாதத்துக்குள் ஆட்சேபணை இருந்தால் எழுத்தில் கொடுக்கலாம், அப்புறம் கமிட்டி நேரில் வந்து பார்க்கும். கட்டடம் எவ்வளவு உயரம் வரும் என்று மேட்டில் இருப்பவர்களுக்குக் காகிதத்தில் புரியாது என்பதால், ஓவர்சியர் வந்து மூங்கில்களை ஒன்றோடொன்று சேர்த்துக் கட்டி உயரமாக நடச் சொன்னார். அதன் நுனிதான் மொட்டைமாடியின் கைப்பிடிச் சுவர்.

நுனி கண்ணுக்குத் தெரிய ஒரு துணி வேண்டுமே. சிவப்புத் துணி கட்டினால் ஒரு கட்சி வரும், கறுப்பும் சிவப்பும் கட்டினால் இன்னொரு கட்சி வரும். முதலாளி யோசித்துவிட்டுத் தன் கம்பெனியில் தைத்த வெள்ளைக் கைப்பனியன் ஒன்றைக் கொடுத்தனுப்பினார். அது எங்கள் பாறைக்கு நேராக, பாறையைவிட இரண்டு ஆள் உயரத்தில் படபடவென்று ஆடியது.

முதல் நாள் அதைப் பார்த்து நான்தான் சிரித்தேன். "ஏம்மா, பனியன் ஏறிடுச்சு, யாரைக் கூப்புடறே?" என்றேன். அம்மா சிரிக்கவில்லை. பெரிய வேடிக்கை சொல்லிவிட்டதாக நினைத்து நான் வேலைக்குப் போய்விட்டேன். எனக்கு அப்போது இருபது வயது. வேறொரு கம்பெனியில் மடிப்பு வேலை.

அன்று சாயங்காலம் அப்பா பாறையில் உட்கார்ந்து அந்த மூங்கிலையும் அதற்குப் பின்னால் இருந்த நீலக் கதவையும் மாறி மாறிப் பார்த்தார். அப்புறம் என்னைக் கூப்பிட்டு, ஆட்சேபணை எழுதச் சொன்னார். என் கையெழுத்து மணிமணியாக இருக்கும் என்று அவருக்குப் பெருமை. காற்று தடைபடும், வெளிச்சம் வராது, மழைத் தண்ணீர் தேங்கும் என்று மூன்று காரணம் சொன்னார். எழுதினேன். "வேற ஏதாச்சும் எழுதணுமாங்கப்பா?" என்று கேட்டேன். வேண்டுமென்றேதான் கேட்டேன். "போதும்" என்றார். ரெண்டு மாடியோடு நின்றால் விளக்கு தெரியும், மூணு வந்தால் தெரியாது என்பதை எழுத எந்த நகராட்சித் தாளிலும் இடம் இல்லை.

மூங்கில் நட்ட பத்தாவது நாள் ஞாயிற்றுக்கிழமை. அப்பா காலையிலிருந்தே பாறையில் இருந்தார். திடீரென்று எழுந்து நின்றார். நான் போய்ப் பார்த்தேன். கீழே காலி இடத்தை நோக்கி, இடுப்பில் குழந்தையோடு, ஏறக்குறைய ஓடுகிற நடையில் அக்கா வந்துகொண்டிருந்தாள்.

ஆறு வருஷத்துக்கு அப்புறம் அவளை அவ்வளவு பக்கத்தில் பார்க்கிறேன். கொஞ்சம் சதை போட்டிருந்தாள். குழந்தைக்குத் தலை நிறையச் சுருட்டை. அப்பா வேட்டியை இறக்கிவிட்டுக்கொண்டார், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். உள்ளே திரும்பி அம்மாவிடம், "ஒலையில அரிசி சேத்திப் போடு" என்றார். அம்மா அரிசிப் பானையைத் திறந்தாள்.

கீழே அஸ்திவாரக் கோடு போட்டுக்கொண்டிருந்த மேஸ்திரியிடம் அக்கா ஏதோ கேட்டாள். அவர் மூங்கிலைக் காட்டிப் பேசினார். அவள் அண்ணாந்து அந்தப் பனியனைப் பார்த்தாள். குழந்தையை மறு இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, எங்கள் பக்கம் திரும்பாமலேயே வந்த வழியே போய்விட்டாள்.

நான் ஓடிப் போய்ப் பிடித்திருக்கலாம். மேடு இறங்க ஐந்து நிமிஷம்கூட ஆகாது. அப்பா போகச் சொல்வார் என்று அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவர் பாறையில் மெதுவாக உட்கார்ந்தார். "படி வரைக்கும் வந்தவளுக்கு ஏற முடியலே" என்றார். எனக்கும் அக்கா மேல் ஆத்திரம் பொங்கியது. இவ்வளவு தூரம் வந்துவிட்டு என்ன வீம்பு என்று நினைத்தேன். அன்று விளக்கு ஏறுவதற்கு முன்பே அப்பா உள்ளே வந்து படுத்துவிட்டார், சாப்பிடவில்லை.

அடுத்த வாரம் கமிட்டி வந்தது. தலைவர், இரண்டு மெம்பர்கள், ஓவர்சியர், பின்னால் துண்டைக் கையில் வைத்துக்கொண்டு முதலாளி. சரிவிலிருந்து வரும் தண்ணீருக்குக் கல் சுவர் வைத்து அடியில் கால்வாய் விட வேண்டும் என்றார்கள், முதலாளி சரி என்றார். பின்பக்கத்து ஜன்னல்கள் எங்கள் வாசல்களைப் பார்த்தபடி இருக்கக் கூடாது என்றார்கள், அதற்கும் சரி. பிறகு எங்கள் வீட்டுக்கு வந்தார்கள். ஓவர்சியர் ஒரு பீடியைப் பற்றவைத்துப் புகை போகிற திசையைப் பார்த்தார்.

"காத்து உங்களுக்கு முதுகுப் பக்கமிருந்துதானுங்களே வருது?" என்றார். வெளிச்சமும் காலையில் ஒரு மணி நேரம்தான் குறையும் என்று டேப் பிடித்துக் காட்டினார். அப்பாவின் மூன்று காரணமும் தீர்ந்துபோயிற்று.

முதலாளி நல்ல மனுஷர், அதுதான் இன்னும் சங்கடம். "பெரியவருக்கு மனசுல ஏதோ கொறை இருக்குதுங்க. அது என்னன்னு சொன்னாப் போதுமுங்க, மேல் மாடிய நிறுத்திக்கறேன். பேக்கிங்கை வேற பக்கம் வெச்சுக்கலாம்" என்றார்.

தலைவர் அப்பாவைப் பார்த்தார். "சொல்லுங்க. கெழக்கால அப்படி என்னுங்க இருக்குது உங்களுக்கு?"

அப்பா கிழக்கே பார்த்தார். நீலக் கதவு வெயிலில் பளிச்சென்று தெரிந்தது. "ஒண்ணுமில்லீங்க" என்றார்.

ஓவர்சியர் தாளைப் புரட்டிவிட்டு, "எழுதினது நீயா கண்ணு? நீ ஏதாச்சும் சொல்றியா?" என்று என்னைக் கேட்டார். எங்க அக்கா ஊடு தெரியுமுங்க என்று சொன்னால் போதும். "அப்பா சொன்னதுதானுங்க" என்றேன். ஓவர்சியர் எழுதிக்கொண்டார். அவர்கள் அடுத்த வீட்டுக்குப் போனார்கள்.

கட்டடம் ஒரு வருஷத்தில் எழுந்தது. முதல் மாடி வந்தது, இரண்டாவது வந்தது. மூன்றாவதின் சுவர் வேப்பமரத்தைப் பாதியாக மறைத்து, கதவை மறைத்து, ஒரு வெள்ளிக்கிழமை முழுவதுமாக மறைத்துவிட்டது. அப்பா அதற்கு அப்புறமும் பாறையில் உட்கார்ந்தார். சுண்ணாம்பு அடித்த சுவரைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, இருட்டியதும் எழுந்து வருவார். கரட்டின் உச்சிக்கு ஏறினால் கட்டடத்துக்கு மேலாக அந்த வீடு தெரியும். நான் ஏறிப் பார்த்தேன். விளக்கு தினமும் ஏறிக்கொண்டுதான் இருந்தது. "உச்சிக்குப் போனா நல்லாக் காத்து வருதுங்கப்பா" என்று ஒரு நாள் சொன்னேன். "அங்க என்ன இருக்குது?" என்றார்.

ஐந்து வருஷம் கழித்து அப்பா இறந்தார். அக்கா வந்தாள். எதிரே இருந்த பனியன் கம்பெனியில் அன்று அரை நாள் மெஷினை நிறுத்தினார்கள், முதலாளியும் வந்து நின்றார். எல்லாம் முடிந்து மூன்றாம் நாள், வீட்டில் கூட்டம் குறைந்த பிற்பகல், அக்காவும் நானும் பாறையில் உட்கார்ந்திருந்தோம். எனக்குள் அத்தனை வருஷமாகக் கிடந்த ஆத்திரம் அடங்கவில்லை. "அன்னைக்கு அவ்வளவு தூரம் வந்துட்டு ஏங்க்கா திரும்பிப் போனே?" என்று கேட்டேன்.

அவள் என்னை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"பனியன் ஏறியிருந்துச்சே, கண்ணு. பத்து நாளாப் பாத்துட்டே இருந்தேன். அப்பாதான் கூப்புடறாங்கன்னு நெனச்சேன். முத நாளே ஓடி வந்திருப்பேன், புள்ளைக்குக் காய்ச்சல். கீழ வந்து கேட்டா மேஸ்திரி சொல்றாரு, அது பில்டிங்குக்கு அளவும்மான்னு. எனக்கு அப்படி வெக்கமாப் போச்சு. யாரும் கூப்புடாம எப்படி ஏறி வர்றது?"

சுவருக்கு அந்தப் பக்கம் தையல் மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. அவள் அந்தச் சுவரையே பார்த்தபடி, "அப்பா என்னைப் பாக்கலியே?" என்று கேட்டாள். பார்க்கவில்லை என்று சொல்லியிருக்கலாம். பேச வேண்டிய இடத்தில் ஒரு முறை வாயை மூடிக்கொண்டதே போதும் என்று எனக்குத் தோன்றியது.

"பாத்தாங்க. எந்திரிச்சு நின்னாங்க. ஒலையில அரிசி சேத்திப் போடுன்னு அம்மாகிட்டச் சொன்னாங்க."

அக்கா முந்தானையை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டாள். பிறகு, யாரோ வழிப்போக்கரிடம் விசாரிப்பது மாதிரி, "அந்தச் சோத்தை யாரு தின்னா?" என்றாள்.

"யாரும் திங்கலேக்கா. அம்மா தண்ணி ஊத்தி வெச்சாங்க. மறுநாள் நான்தான் வேலைக்குக் கொண்டு போனேன்."