நெட்டை நிப்பாட்ட என்ன செலவாகும்?

கொமினிகேஷன் கடைக்காரி என்றால் போட்டோ கொப்பி எடுத்துக் கொடுப்பவள் என்று நீங்கள் நினைத்திருந்தால், உங்கள் காதில் இன்னும் யாரும் தங்கள் பாஸ்வேர்டைச் சொல்லிவிட்டுப் போகவில்லை என்று அர்த்தம்.

என் கடை அப்புத்தளை பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. ஒரு கம்பியூட்டர், ஒரு பிரிண்டர், இரண்டு நாற்காலி. தோட்டத்து ஆட்கள் போனைக் கொண்டுவந்து மேசையில் வைத்துவிட்டு, அது கடித்துவிடும் என்பது போல ஓர் அடி பின்னால் போய் நிற்பார்கள். அந்தப் பயம் தொற்றக்கூடியது. வீட்டில் அம்மாவுக்கோ மாமாவுக்கோ போன் சொல்லிக்கொடுக்கப் போய்க் கடைசியில் நீங்களும் நடுங்கியிருக்கிறீர்களா? அப்படியானால் வாங்க, உட்காருங்க. நாம் ஒரே கட்சி.

கூரைக்கு மேலே

சன்னாசி ஐயா தோட்டத்தில் வேலை பார்த்து ஓய்ந்தவர். குவைத்தில் இருக்கும் மகள் அனுப்பிய போனோடு வந்து, "நெட்டுன்னா என்னன்னு காட்டு தாயி" என்றார். சந்தோஷப்படுவார் என்று நினைத்து, மேலிருந்து ஊரைக் காட்டும் மெப்பைத் திறந்தேன். ரயில்வே ஸ்டேஷனைக் காட்டினேன். அப்படியே தேயிலை மலைக்கு நகர்த்தி, அவருடைய லயத்து வீட்டின் தகரக் கூரையில் கொண்டுபோய் நிறுத்தினேன்.

அவர் குனிந்து பார்த்தார். சிரிக்கவில்லை. நிமிர்ந்து என் கடையின் கூரையைப் பார்த்தார். "இப்பவும் பாத்துக்கிட்டு இருக்காங்களா?" என்று குரலைத் தாழ்த்திக் கேட்டார். இது எப்போதோ எடுத்த படம் என்றேன். "யாரைக் கேட்டு எடுத்தாங்க?" என்று போனைக் கவிழ்த்து வைத்தார். அதன் பிறகு அவர் போனைத் துண்டில் சுற்றித்தான் வைத்திருந்தார். வீடியோ கோல் எடுத்தால் இருட்டுதான் தெரிகிறது என்று மகள் எனக்குப் போன் போட்டு அழுதாள். நான் கூப்பிட்டு எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஐயா ஒன்றுதான் கேட்டார்: "அம்புட்டு ஒசரத்துல இருந்து எங்க தகரத்துல ஓட்ட இருக்குறது தெரியுதே தாயி, இங்கன இருக்குற தோட்டத்துத் தொரைக்கு மட்டும் ஏன் தெரிய மாட்டேங்குது?"

காதில் சொன்ன பெயர்

கலாவுக்குப் பேஸ்புக் திறந்து கொடுத்தேன். பாஸ்வேர்டை நீயே அடி என்று விலகி நின்றேன். அவளுக்கு இங்கிலீஷ் எழுத்து பழக்கமில்லை. எழுந்து வந்து என் காதில் ஓர் ஆண் பெயரைச் சொன்னாள். அது அவள் புருஷன் பெயர் இல்லை. நான் ஒன்றும் கேட்காமல் அடித்துக் கொடுத்தேன்.

இரண்டு வாரம் கழித்து அவள் புருஷன் முருகேஸ் வந்தார். மேசன் வேலை செய்பவர், பெரிய கைகள். கதவைப் பாதி சாத்திவிட்டு, "அவளோட பாஸ்வேர்ட் என்னக்கா?" என்றார். ஞாபகமில்லை என்று பொய் சொன்னேன். என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டுப் போனார். உடனே கலாவைக் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னேன். அவள் சட்டென்று போனை வைத்துவிட்டாள். அன்று பஸ் ஸ்டாண்டில் எந்தச் சத்தம் கேட்டாலும், அவளுக்குத்தான் ஏதோ ஆகிவிட்டது என்று வாசலுக்கு ஓடினேன்.

மறுநாள் இரண்டு பேரும் சேர்ந்தே வந்தார்கள். கலாவின் கண் வீங்கியிருந்தது. அடித்த வீக்கம் இல்லை, அழுத வீக்கம். அவர்களுக்குப் பிறந்து எட்டாம் நாள் போய்விட்ட பிள்ளைக்கு வைத்த பெயர்தான் அந்தப் பாஸ்வேர்ட் என்றாள். வீட்டில் யாரும் அதை வாய் திறந்து சொல்வதில்லையாம். இப்போது எனக்கும் தெரிந்துவிட்டதால் மாற்றிவிடுவது நல்லது என்றேன். முருகேஸ் தன் போனையும் எடுத்து மேசையில் வைத்தார். "அப்ப என்னோடதையும் மாத்திக் குடுங்க அக்கா. என்னோடதும் அதே பேருதான்."

லீக்ஸ் லொறி

வெலிமடைப் பக்கம் மரக்கறித் தோட்டம் செய்யும் ராஜு அண்ணனுக்கு நெட்டில் விளம்பரம் போட்டுக் கொடுத்தது நான்தான். இடையில் வியாபாரி இல்லாமல் நேரே கொழும்புக்கு விற்கலாம் என்று ஆசை காட்டியதும் நான்தான். மூன்றாம் நாளே கொழும்பு ஆள் ஒருவன் மொத்த லீக்ஸ் மரக்கறியையும் கேட்டான். ஞாயிற்றுக்கிழமை லொறியும் வந்துவிட்டது. பணம் போட்டதற்கான சிலிப்பைப் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தான்.

அண்ணன் அதை எனக்கு அனுப்பினார். பெரிதாக்கிப் பார்த்தேன். சிலிப்பில் அண்ணனின் பெயரில் ஓர் எழுத்து மட்டும், யாரோ மாற்றி அடித்தது போல, மற்றதைவிடத் தடித்திருந்தது. "ஏத்தாதீங்க, காசு பேங்குக்கு வந்ததா பார்த்துட்டு ஏத்துங்க" என்றேன். லொறிக்காரன் சத்தம் போட்டான். ஒருவேளை உண்மையான ஆளாக இருந்து, என் பேச்சால் அண்ணனின் பிழைப்பு கெட்டால்? இருந்தும் போனைக் காதிலிருந்து எடுக்காமல் 'ஏத்தாதீங்க' என்றே சொல்லிக்கொண்டிருந்தேன். லொறி வெறுமையாகத் திரும்பியது. திங்கட்கிழமை பேங்கில் ஒரு சதமும் வரவில்லை. கொழும்பு நம்பரும் வேலை செய்யவில்லை. பிடுங்கிய லீக்ஸின் இலை பழுக்கத் தொடங்கியதால், பழைய வியாபாரி சொன்ன அடிமாட்டு விலைக்கே கொடுக்க வேண்டியதாகிவிட்டது. அண்ணன் என்மேல் கோபப்படவில்லை. "தெரியாதவன் ஏமாத்தப் பாத்தான் தங்கச்சி, தெரிஞ்சவன் ஏமாத்தியே புட்டான்" என்றார்.

பெரட்டுக் களத்தில்

தர்ஷினி துணிக்கடையில் வேலை செய்யும் பிள்ளை, ஹல்துமுல்லைப் பக்கத் தோட்டம். ஒருநாள் மத்தியானம் மூடுபனிக்குள்ளிருந்து வந்து என் முன்னால் உட்கார்ந்தாள். கடையில் நின்ற மற்றவர்கள் போகும்வரை காத்திருந்தாள். பிறகு, "அக்கா, இந்த நெட்ட மொத்தமா நிப்பாட்ட என்ன செலவாகும்?" என்றாள். சிரிக்கப் போனவள் அவள் முகத்தைப் பார்த்ததும் வாயை மூடிக்கொண்டேன்.

போனை நீட்டினாள். யாரோ ஒருவன் அவளுடைய முகத்தை வேறு ஓர் உடம்பில் ஒட்டியிருந்தான். சொன்னதைச் செய்யாவிட்டால் அவளுக்குத் தெரிந்த எல்லோருக்கும் அதை அனுப்புவதாக எழுதியிருந்தான். கீழே அவளுடைய அம்மாவின் நம்பர், மாமாவின் நம்பர், கடை முதலாளியின் நம்பர் எல்லாம் வரிசையாக இருந்தன. "நான் இல்லாட்டி யாருக்கும் அனுப்ப மாட்டான்தானே அக்கா?" என்று கேட்டாள். அவள் எதற்குத் துணிந்துவிட்டாள் என்று அந்தக் கேள்வியில்தான் புரிந்தது. கடையைச் சாத்தினேன். அவள் கையைப் பிடித்தவள் பஸ் ஏறும்வரை விடவில்லை.

அவள் வீட்டுக்குப் போனபோது, அம்மா லெட்சுமி அக்கா பறித்த கொழுந்தை எடைபோட்டுக் கொடுத்துவிட்டு அப்போதுதான் வந்திருந்தார். தர்ஷினி சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டாள். நான்தான் போனைக் கொடுத்தேன். அவர் படத்தை வெகு நேரம் பார்த்தார். "இது எம்புள்ள கழுத்து இல்ல" என்றார். "நான் பெத்து வளத்த கழுத்து எனக்குத் தெரியாதா?" மகள் அப்படியே தரையில் உட்கார்ந்து அழத் தொடங்கினாள். அன்று சாயந்தரமே மூன்று பேரும் போய்ப் பொலிஸில் முறைப்பாடு எழுதிக் கொடுத்தோம்.

ஆனால் அவன் கொடுத்த கெடு மறுநாள் காலை. பொலிஸ் அவனைப் பிடிக்கும்வரை அவன் காத்திருக்கப் போவதில்லை. லெட்சுமி அக்கா விடிந்ததும் பெரட்டுக்குப் போனார். வேலை பிரித்துக் கொடுக்க எல்லோரும் கூடி நிற்கும் அந்த இடத்தில், கங்காணியைக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லிவிட்டு முன்னால் போய் நின்றார். எவனோ ஒரு களவாணி எம்புள்ள முகத்தை வெட்டி ஒட்டியிருக்கிறான், உங்கள் போனுக்கு வந்தால் என்னிடம் கொண்டுவந்து காட்டுங்கள் என்று சொன்னார். ஒருவரும் சிரிக்கவில்லை என்று அங்கே நின்ற பெண்கள் பிறகு என்னிடம் சொன்னார்கள். அவன் மிரட்டியபடியே பத்து மணிக்குப் படம் மூன்று பேருக்கு வந்தது. மூவரும் மலையிலிருந்து இறங்கி வந்து அவரிடம் காட்டினார்கள். அதற்குப் பிறகு அவன் எழுதவில்லை. யார் என்று இன்றுவரை தெரியாது. தர்ஷினி இப்போதும் போன் அடித்தால் திடுக்கிடுகிறாள், ஆனால் வேலைக்குப் போகிறாள். அந்தக் காலை நான் தோட்டத்துக்குப் போனபோது லெட்சுமி அக்கா அவனுக்குக் குரல் பதிவு ஒன்று அனுப்பினார். பட்டனை அழுத்திப் பிடித்துக் கொடுத்தது நான்: "ஊருக்குச் சொல்லிருவேன்னு தானே பயங்காட்டுன? நானே சொல்லிட்டேன். இப்ப உங்கிட்ட என்ன இருக்கு?"

நோட்டீஸ்

கடைசியாக என் மானக்கேட்டையும் சொல்லிவிடுகிறேன். பிரிண்டருக்கு மை ஓடர் பண்ணியிருந்தேன். 'உங்கள் பார்சல் தபாலில் நிற்கிறது, முகவரியை உறுதிப்படுத்தவும்' என்று ஒரு லிங்க் வந்தது. அன்று கடையில் கூட்டம். ஒரு கையால் போட்டோ கொப்பி, மறு கையால் கார்ட் நம்பர் என்று அடித்துக்கொண்டே போனேன். ஓ.டி.பி. கேட்டபோதும் முதல் நான்கு இலக்கத்தை அடித்துவிட்டேன். அப்போது எதிரே போன் திருத்தும் கடை வைத்திருக்கும் நிசாம் பேப்பர் கேட்க வந்தார். என் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தவர் போனைப் பறித்தே விட்டார்.

பேங்குக்குப் பேசி கார்டை நிறுத்தும்வரை நான் பிளாஸ்டிக் நாற்காலியில் பிணம் போல இருந்தேன். வாடிக்கையாளர்கள் எல்லோரும் ஓர் அடி பின்னால் நின்று என்னைப் பார்த்தார்கள். காசு தப்பியது. நிசாம் ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுத்துவிட்டு, 'ஓ.டி.பி.யை யாருக்கும் கொடுக்காதீர்கள்' என்று வாசலில் நானே பெரிய எழுத்தில் ஒட்டியிருந்த தாளைக் காட்டிக் கேட்டார்: "இது வெளியில இருந்து வாற ஆக்களுக்கு மட்டுமா அக்கா?"

நெட்டைப் பார்த்துப் பயப்படக் கூடாது என்று ஒரு நாளைக்கு இருபது பேருக்குச் சொல்லும் நான், போன் ஒருதரம் டிங் என்றால் இரண்டுதரம் முருகனைக் கும்பிட்டுவிட்டுத்தான் எடுத்துப் பார்க்கிறேன்.